நாற்பத்தோராம் தாள்

ஜூன் 10, 1996. திங்கள்

மழை. இன்று காலை பத்து மணிக்கு, ஆக்லாந்து நகர மையத்தில், ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில், பண்டைய எகிப்தைப் பற்றிய ஆய்வின் போக்கையே மாற்றக்கூடிய ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கேத்தல் இனி ஸ்கேனர் இருக்கும் சுவர்ப் பிளக்கில் சொருகப்படாது.

பின்னணி: கேத்தல் கொதித்தால் பியூஸ் போகிறது. பியூஸ் போனால் கணினி சாகிறது. கணினி செத்தால் அந்த மணித்தியாலத்துப் படங்கள் எல்லாம் அதோடு போகின்றன. கடந்த வாரம் நாலு தடவை. வியாழனன்று ஒரு கோயில் வாசலின் படங்கள் முழுவதும் ஒரு கப் கோப்பிக்காக அழிந்தது.

கூட்டம் ஒரு மணி பத்து நிமிடம். வந்தோர்: தலைவர், செயலாளர் ஜூடித், கணினி பார்க்கும் அருள், நான். குறிப்பெடுத்தவன் நான்.

ஆராயப்பட்ட வழிகள்:
அ) வேலை நேரத்தில் தேநீர் குடிப்பதில்லை. (ஜூடித் கதிரையைப் பின்னால் தள்ளினார். கைவிடப்பட்டது.)
ஆ) மின்வேலைக்காரரை அழைப்பது. (படிவம். ஆறு வாரம்.)
இ) கேத்தலைச் சேமிப்பறைக்கு மாற்றுவது.

மூன்றாவது யோசனை என்னுடையது. சேமிப்பறையில் என் மேசை இருக்கிறது, அங்கே குளிர். ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேர்ந்து ஏழு மாதத்தில் நான் சொன்ன ஒன்று நிறைவேறியது இதுவே முதல் தடவை.

வீட்டில் சொன்னேன். மகள் தலை நிமிராமல்: "டாட், இட்ஸ் எ கெட்டில்." வயது பதினான்கு. வரலாற்று உணர்ச்சி இன்னும் வரவில்லை.

ஊரில் இருக்கும் என் மனைவி பவானியின் தம்பியிடமிருந்து கடிதம் இல்லை. எட்டாவது மாதம்.

ஜூன் 12, புதன்

வெயில் மாதிரி ஒன்று. மத்தியானத்தோடு போய்விட்டது.

இந்தக் குறிப்பேடு எதற்கென்றே தெரியாமல் எழுதுகிறேன். ஆகவே வேலை என்னவென்றும் எழுதி வைப்பது நல்லது. பிற்காலத்தில் நானே நம்பமாட்டேன்.

எங்கள் பிரிவு எகிப்தியக் கலையையும் கட்டடங்களையும் நவீன முறைகளால் ஆராய்கிறது. நவீன முறை என்பது ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, அருள். சுவரில் தலைவர் ஒட்டிய தாள்: 'ஐயாயிரம் ஆண்டுகள், ஒரே வட்டில்.' வட்டு இன்னும் வரவில்லை.

என் பங்கு: சேமிப்பறையில் உள்ள 214 தாள்களுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொன்றாக அருளிடம் கொடுத்து, அவர் எடுக்கும் படத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதுவது.

தாள்கள்: அறுபது வருடத்துக்கு முன் ஓர் இளம்பெண் நைல் நதிக்கு மேற்கே ஒரு சிறிய கல்லறைக்குள் இருந்து எடுத்தவை. தடித்த தாளை நனைத்துச் சுவரில் ஒட்டி, தூரிகையால் அடி அடி என்று அடித்து, காய்ந்ததும் உரிப்பது. சுவரில் எங்கே வெட்டு இருக்கிறதோ அங்கே தாளில் புடைப்பு. நானும் கொழும்பில் பத்தொன்பது வருடம் இதே வேலைதான் பார்த்தேன், எங்கள் ஊர்க் கல்வெட்டுகளில். ஒரு வித்தியாசம். நாங்கள் தாள் காய்வதற்குள் மை ஒற்றிவிடுவோம். கல் கறுப்பு, எழுத்து வெள்ளை. மைப்படியை மழையில் விட்டாலும், லொறியில் போட்டு மிதித்தாலும், எழுத்து எழுத்துத்தான். இவர்கள் மை போடுவதில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைப் புடைப்பு, அவ்வளவுதான். மை வாங்க வசதியில்லாத நாட்டுக்காரர் போல என்று முதல் நாள் நினைத்தேன்.

கல்லறை இப்போது இல்லை. கல்லை உடைத்துச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாள் மட்டும்தான் மிச்சம்.

படம் எடுத்த பிறகு தாள்கள் 'விடுவிக்கப்படும்'. தலைவரின் சொல். கட்டடத்துக்குப் பின்னால் லொறி வரும். ஆகஸ்டிலிருந்து சேமிப்பறை மாணவர்கள் சைக்கிள் நிறுத்துமிடம்.

விதி ஒன்று: பட்டியலில் படத்தில் தெரிவது மட்டுமே ஏறலாம். தாளைப் பார்த்து எழுதக் கூடாது. பழைய புத்தகத்தைப் பார்த்தும் எழுதக் கூடாது. கண் பொய் சொல்லும், இயந்திரம் சொல்லாது என்பது தலைவரின் கட்சி.

கேத்தல் வந்து சேர்ந்தது. என் மேசைக்குப் பக்கத்தில், அலுமாரிக்குக் கீழே. அறைக்குச் சூடு வந்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

தூறல். பிளாக்ஹவுஸ் பே. ஒடாஹுஹுவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ். பவானி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, மூன்று வருடமாக. ஊரில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள், இங்கே பதினொரு பேரைக் குளிக்க வார்க்கிறாள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் மிஸ் ப்ரூக். தூரிகையோடு கல்லறைக்குள் இருந்த இளம்பெண் அவர்தான். இப்போது வயது எண்பத்து நான்கு. சுவாசப்பை பழுது. வைத்தியர் மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு வந்துவிட்டார்.

பவானிதான் சொன்னாள், என் மனிசன் உங்கள் தாள்களோடுதான் வேலை செய்கிறார் என்று. கூட்டிக்கொண்டு வா என்று உத்தரவு.

கதவில் நின்றதும் முதல் கேள்வி: தூரிகையை எப்படிப் பிடிப்பாய். காட்டினேன். பிழை என்றார். எங்கள் ஊரில் இப்படித்தான் என்றேன். அப்படியானால் உங்கள் ஊரில் எல்லோருக்கும் பிழை என்றார். இதன் பிறகு நட்பாகிவிட்டோம்.

விஷயம் இது. 41ஆம் தாள். கிழக்குச் சுவரில், கல்லறைக்குச் சொந்தக்காரரான அதிகாரியும் மனைவியும் பிள்ளைகளும். பிள்ளைகள் ஐந்து, பெயர்களோடு. ஐந்தாவதற்குப் பிறகு ஒரு கை அகலத்துக்குச் சுவர் கொத்தப்பட்டிருக்கிறது. பழங்காலத்திலேயே யாரோ உளியால் கொத்தியது. அந்த இடத்தில் ஆறாவதாக ஒரு பெண்பிள்ளை இருந்தாள், பெயர் இனெத், என்று மிஸ் ப்ரூக் இருபத்தைந்து வயதில் எழுதினார். கையால் வரைந்த ஒரு படத்தோடு. பெரிய மனிதர் ஒருவர் தன் புத்தகத்தில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு எழுதினார்: அந்தப் பெண்மணி கண்டது பாறை வெடிப்பு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஆக்லாந்துக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்தார்.

கேட்டது ஒன்றுதான். தாளுக்குப் பக்கவாட்டில் டோர்ச் பிடித்து, ஏழு கோணத்தில் போட்டோ. வரைபடம் வேண்டாம், வரைந்ததற்கு என்ன கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். போட்டோவைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால், படம் என்ற முறையில் அது பட்டியலிலும் ஏறும்.

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, ஏன் கொத்தினார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். பிள்ளை ஒன்று இருந்ததென்று முதலில் ஒத்துக்கொள்ளட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

அடிக்குறிப்பு எழுதியவர் செத்து இருபது வருடம் என்பதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். நினைவு நாளில் கேக் வாங்குவாராம்.

ஜூன் 18, செவ்வாய்

மழை. டோர்ச் ஒன்று ஒடாஹுஹுவில் நேற்று வாங்கியது. கடைக்காரர்: மீன் பிடிக்கவோ? இல்லை, கல்லறைக்கு. மிச்சக் காசை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

மத்தியானம் எல்லோரும் வெளியே. விளக்கை அணைத்து, 41ஐ மேசையில் விரித்து, டோர்ச்சைத் தாள் மட்டத்தில் வைத்தேன். ஐந்து பிள்ளைகளும் நிழலோடு எழுந்து நின்றார்கள். ஆறாவது இடம் பரு வந்த முகம் மாதிரி. டோர்ச்சைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன்.

ஒரு நாணல் இலை, அவர்கள் எழுத்தில் 'இ'. அதன் கீழே நீரலை, 'ன்'. உளிக்காரன் மேலே கொத்தியிருக்கிறான், முதல் வெட்டின் அடிவரை போகவில்லை. சோம்பேறி. கடவுள் அவனுக்கு நல்லது செய்யட்டும்.

மூன்றாவது, ரொட்டி வடிவக் குறி, 'த்', வந்தால்தான் பெண்பெயர். அது இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கமெராதான் சொல்ல வேண்டும்.

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ அரசர்களின் எழுத்தைப் படித்திருக்கிறேன், வரி, தானம், நில எல்லை. ஒரு பிள்ளையின் பெயரைத் தேடியதில்லை.

ஜூன் 19, புதன்

தலைவரிடம் போனேன். நல்ல மனிதர். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னவை, சுருக்கமாக: திட்டத்துக்கு அனுமதி ஸ்கேனருக்கு, கமெராவுக்கு அல்ல. டோர்ச் நவீன முறையா என்பது ஆராயப்பட வேண்டும். ஆனால் தடையில்லை. கமெராவுக்குப் படிவம் உண்டு. கமெரா ஜூலை 8 வரை தாவரவியல்காரரிடம், பாசியைப் படம் எடுக்கிறார்கள்.

படிவம் நிரப்பினேன். 'பயன்படுத்தும் ஒளி' என்ற இடத்தில்: பக்கவாட்டு. ஜூடித் பார்த்துவிட்டு அப்படி ஒரு தெரிவு இல்லை என்றார். 'மற்றவை' என்று போட்டோம்.

ஜூலை 8. மூன்று வாரத்துக்கு இரண்டு நாள் குறைய.

ஜூன் 21, வெள்ளி

கடும் குளிர். பிரிவின் பெருமையான நாள். எங்களிடம் உள்ள பூனை மம்மி (துணி சுற்றி, முகம் தீட்டி, மிக அழகு) ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவந்தது. எல்லோரும் சன்னலில் பிலிமைப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே பூனை இல்லை. வைக்கோல், மண், ஓர் ஆணி. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் யாரோ பூசாரி யாரோ பக்தனுக்கு விற்றது.

கண்ணாடிப் பெட்டியிலுள்ள அட்டையை என்ன செய்வது? அரைமணி நேர விவாதம். அட்டை அப்படியே இருக்கும்: 'பூனை'. பள்ளிப் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று ஜூடித் சொன்னதைத் தலைவர் ஏற்றார்.

இயந்திரம் பொய் சொல்லாது என்று நான் நினைவூட்டவில்லை. என் வேலை ஒப்பந்தம் ஆகஸ்ட் வரைதான்.

ஜூன் 24, திங்கள்

மழை. அருளோடு முழு நாள். மலேசியாவில் ஈப்போக்காரர், தேவாலயத்தில் பாட்டுக் குழு, முப்பத்தொரு வயது, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அவர் படங்கள் கஞ்சி மாதிரி இருக்கின்றன. ஸ்கேனரின் ஒளி நேராக விழுகிறது, புடைப்புக்கு நிழல் இல்லை. கறுப்பைக் கூட்டினால் கறுத்த கஞ்சி.

"அண்ணே, இந்தப் பேப்பருங்க உக்காரவே மாட்டேங்குது. மூடி மூட முடியல. ஓரத்துல வெளிச்சம் பூந்துருது."

"மூடியைப் போட்டு அமத்தாதையும், தம்பி. கறுப்புத் துணி போட்டு மூடும், அதுவே காணும்."

"துணி போட்டா தலைவர் திட்டுவாரு லா. மாடர்ன் மெத்தட்டுன்னுட்டு சமையல் துணியா போடுறேன்னு."

"நான் பொறுப்பு."

"சரிண்ணே. நீங்க சொன்னா சரி."

ஏன் அமத்தக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. அதற்குள் ஜூடித் பிஸ்கட்டோடு வந்தார்.

ஜூன் 29, சனி

உடுப்பு காயவில்லை. வீட்டிலே கயிறு கட்டி ஹீட்டருக்கு முன்னால். மகளின் பள்ளிச் சீருடைக்குப் புகை மணம். எண்ணெய், அரிசி, கத்தரிக்காய். டெயரி என்கிற மூலைக்கடையில் பேப்பர். ஊரைப் பற்றி நாலு வரி, அதில் மூன்று வரி பொய்யாக இருக்கலாம், எது என்றுதான் தெரியவில்லை.

பவானி மூன்று நாளாகத் தபால்பெட்டியைத் திறப்பதில்லை. நான் திறக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

மழை. 41ஐ மறுபடியும் பார்த்தேன், ஐந்து நிமிடம். நாணல், நீரலை. இரண்டையும் பென்சிலால் வரைந்து தேதி போட்டேன். வரைபடம் வேண்டாம் என்றார்தான். பழக்கம்.

பிறகு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. 30 முதல் 60 வரையான தாள்கள் இதுவரை கீழ்த்தட்டில் இருந்தன. கால் படும், கோப்பி சிந்தும், துப்புரவுக்காரியின் வாளி வேறு. முப்பத்தொரு தாளையும் நானே தூக்கி அலுமாரியின் உச்சித் தட்டில் வைத்தேன். யாருக்கும் எட்டாது. 41 எல்லாவற்றுக்கும் மேலே.

ஜூலை 4, வியாழன்

பத்து நாளாக ஒரே மழை, நிலவறைச் சுவரே வியர்க்கிறது. சேமிப்பறைதான் இப்போது கட்டடத்தின் மிகச் சுகமான இடம். சன்னல் வர்ணம் பூசி ஒட்டிப்போனது, திறக்காது, சூடு வெளியே போகாது. தேநீருக்கு என்று வருகிறவர்கள் போவதில்லை. இன்று எண்ணினேன்: கேத்தல் பதினேழு தடவை கொதித்தது. மேல்மாடியிலிருந்து கணக்கியல்காரரும் வரத் தொடங்கிவிட்டார்கள்.

அலுமாரிக்குப் பக்கத்தில் கேட்ட துண்டுகள்:
"...வீட்டுக் கடன் வட்டி மறுபடியும் ஏறிற்று, அவள் இன்னும் ஸ்பா வேண்டுமாம்..."
"...மம்மிகளை எல்லாம் அவர்கள் நாட்டுக்கே அனுப்ப வேண்டும். இல்லை, இந்தப் பூனையை இல்லை..."
"...அந்த இந்தியர் பாவம், நாள் முழுவதும் கடதாசி பார்த்துக்கொண்டு..."

இந்தியர் என்பது நான். திருத்தவில்லை. என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, யார் சொன்னதென்று தெரியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மழை விட்டது. பிளாக்ஹவுஸ் பே. மிஸ் ப்ரூக்கின் மூக்கில் இப்போது குழாய். வசனம் பாதியில் நின்று, மூச்செடுத்து, மறுபாதி. நாளைக்குக் கமெரா என்றேன். டோர்ச்சை எவ்வளவு உயரத்தில் பிடிப்பாய் என்று கேட்டார். ஒரு விரல் என்றேன். அரை விரல் என்றார். விட்டுக்கொடுத்தேன்.

மூன்றாவது குறியை நீ கண்டாயா என்று கேட்டார். கண்டேன் என்று சொல்ல வாய் வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அது நல்ல பதில் என்றார், இருபத்தைந்து வயதில் தானும் அப்படிச் சொல்லியிருக்கலாமாம்.

திரும்பும் பஸ்ஸில் பவானி: "அந்த மனிசிக்கு ஒருத்தரும் வாறேல்லை. நீங்கள் வந்தா அண்டைக்கு மட்டும் சோறு கேட்டு வாங்கித் தின்னுது."

"சோறோ?"

"என்ரை சாப்பாட்டுப் பெட்டியிலையிருந்துதான். புளிக்குழம்பு. எகிப்திலை திண்டதாம் எண்டு பொய் சொல்லுது."

ஜூலை 8, திங்கள்

வெயில். நல்ல வெயில்.

8.30க்குக் கமெரா கையில். முக்காலி, கறுப்புத் துணி, டோர்ச், புது பற்றரி. ஏணியில் ஏறினேன். உச்சித் தட்டில் ஒன்றும் இல்லை.

அருள் வாசலில் நின்றார். சிரித்துக்கொண்டு.

"தேடாதீங்கண்ணே. எங்கிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த செட்டை எடுக்கலாம்னு ஏறினேனா, எல்லாம் தொவண்டு போயி வளைஞ்சி நெளிஞ்சி கெடந்துச்சி. ஈரத் துணி மாதிரி. ஐயோ, அண்ணே இவ்ளோ பத்திரமா வெச்சதாச்சேன்னு நெனச்சேன்."

"என்ன செய்தனீர்?"

"ஒண்ணொண்ணுக்கும் நடுவுல பிளாட்டிங் பேப்பர் வெச்சி, மேல நம்ம என்சைக்ளோபீடியா இருவத்தாறு வால்யூமையும் அடுக்கிட்டேன். சனி ஞாயிறு ரெண்டு நாளும் வந்து பேப்பர் மாத்தினேன். இப்பப் பாருங்க. தோசை மாதிரி."

அவர் மேசையில் முப்பத்தொரு தாள்கள். ஓரங்கள் சேர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று. இவ்வளவு ஒழுங்காக ஓர் அடுக்கை நான் கண்டதில்லை.

41ஐ எடுத்துக்கொண்டு வந்தேன். விளக்கை அணைத்தேன். டோர்ச்சை அரை விரல் உயரத்தில் வைத்தேன். இடம். வலம். கீழ். முதல் ஐந்து பிள்ளைகளும் மெல்லிய கோடுகளாக, சோப்பில் கீறியது போல. அதற்குப் பிறகு தாள். வெறும் தாள். உள்ளங்கையால் தடவினேன். மேசையைத் தடவுவது போல இருந்தது.

அருள் அடுக்கியது புத்தகம் மட்டும். புத்தகம் இளகாத தாளை இப்படிச் செய்யாது. ஏணியில் மறுபடி ஏறி உச்சித் தட்டின் அடிப்பலகையில் கை வைத்தேன். நனைந்திருந்தது. நேர் கீழே கேத்தல், அப்போதுதான் யாரோ போட்டிருந்தார்கள்.

மை போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பத்தொன்பது வருடம் மை போட்டவனுக்கு ஆவி என்றால் என்ன என்றே தெரியவில்லை.

ஜூன் 10 கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'முன்மொழிந்தவர்' என்ற இடத்தில் என் பெயர், என் கையெழுத்தில்.

அருள் வாசலிலேயே நின்றார். "சரியா இருக்காண்ணே?"

"நல்லாச் செய்திருக்கிறீர், தம்பி."

"உங்க வேலைன்னா ஒரு தனி கவனம்தான் லா."

ஏழு கோணத்தில் ஏழு போட்டோ எடுத்தேன். படிவத்தில் ஏழு என்று இருந்தது. பிலிம் கழுவக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வரும்.

சாப்பாட்டில் பவானியிடம் சொன்னேன். கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"மனிசிக்குச் சொல்லப்போறீங்களோ?"

"சொல்லத்தானே வேணும்."

"சொல்லி?"

சோறு ஆறிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

மேகம். வேலைக்குச் சுகமில்லை என்று போன் பண்ணிவிட்டுப் பிளாக்ஹவுஸ் பே. பஸ்ஸில் மூன்று வசனங்கள் தயாரித்தேன். கதவில் நின்றதும் மூன்றும் போய்விட்டன.

சொன்னவை: நாணலைக் கண்டேன், நீரலையைக் கண்டேன், என் வரைபடம் இது, தேதி இது. ஏழு போட்டோ எடுத்தாயிற்று. பிலிம் கழுவப் போயிருக்கிறது. எல்லாம் உண்மை, ஒவ்வொன்றாக எடுத்தால்.

வரைபடத்தை மூக்குக்கு அருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். தன்னுடையதை விட மோசமான கோடு என்றார். ஆனால் அதே இடம், அதே சாய்வு. இன்னொரு கண் என்றார். இரண்டு தடவை சொன்னார்.

பிறகு: மூன்றாவது குறி?

வெள்ளிக்கிழமை தெரியும் என்றேன்.

அறுபது வருடம் பொறுத்தவளுக்கு வெள்ளிக்கிழமை பெரிய காரியமில்லை என்றார். வரைபடத்தைத் திருப்பித் தரவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

வாசலில் பவானி கையுறையோடு நின்றாள். "மனிசி என்ன சொன்னது?"

"வெள்ளி வரைக்கும் பொறுக்கிறதாம்."

"வெள்ளி வரைக்கும் இராது." அவளுக்குத் தெரியும். அது அவளுடைய தொழில். "நேற்றைக்கே காலெல்லாம் நீலம்."

"அப்ப சொல்லியிருக்கோணுமோ?"

கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "எனக்குத் தெரியாதப்பா. என்னட்டைக் கேக்காதேங்கோ. நான் தம்பிக்கு ஒண்டுமில்லையெண்டுதான் அம்மாவுக்கு ஒவ்வொரு கிழமையும் சொல்லுறன்."

ஜூலை 10, புதன்

மழை. 61 முதல் 74 வரை இலக்கமிட்டேன். கேத்தலை என் கையாலேயே கழற்றி வெளித்தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனேன். பதினைந்து நிமிடத்தில் ஜூடித் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். கூட்டத் தீர்மானத்தைத் தனியொருவர் மாற்ற முடியாது. சரிதான்.

அருளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் எனக்கு நாசி லெமாக், அவர்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, கொண்டுவந்து தந்தார். மனைவி அண்ணனுக்கென்று தனியாகக் கட்டியதாம்.

ஜூலை 11, வியாழன்

மழை. பவானி காலை பதினொன்றரைக்குப் போன் பண்ணினாள். முடிந்துவிட்டது. குளிப்பாட்டி உடுத்தியது அவள்தான்.

"படம் வந்திட்டுதோ எண்டு ரெண்டு தரம் கேட்டவ. பிறகு கேக்கேல்லை."

"நீ என்ன சொன்னனீ?"

"வந்துகொண்டிருக்குதெண்டு."

தலையணைக்குக் கீழே இருந்ததை என்ன செய்வதென்று கேட்டாள். உறவினர் என்று எழுத யாருமில்லை. பொருள்களைப் பெட்டியில் போட்டு இல்லத்துக்காரர் வைப்பார்கள், ஆறு மாதம்.

அதோடு போகட்டும் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

வெயில். பிலிம் வந்தது. ஏழு படங்கள். மிகத் தெளிவானவை. தாளின் நார் நாராகத் தெரிகிறது.

தபால்: மின்சாரம், பல் வைத்தியர். மற்றது இல்லை.

ஜூலை 15, திங்கள்

மழை. மாதாந்தக் கூட்டம், நாற்பது நிமிடம். குறிப்பெடுத்தவன் நான்.

1. கேத்தல். ஐந்து வாரத்தில் பியூஸ் ஒரு தடவையும் போகவில்லை. படம் ஒன்றும் இழக்கப்படவில்லை. முன்மொழிந்தவருக்குத் தலைவர் நன்றி தெரிவித்தார். பதியப்பட்டது.

2. தாள்கள். தட்டையாக்கிய பிறகு ஸ்கேனரில் சரியாக அமர்கின்றன, மூடி மூடுகிறது, கறுப்புத் துணி தேவையில்லை. மீதியையும் அவ்வாறே செய்ய அருள் முன்வந்தார். ஏற்கப்பட்டது. வேலை ஒன்பது நாள் முந்தி முடியும்.

3. 1 முதல் 60 வரையான தாள்களுக்குப் புதன்கிழமை லொறி.

4. ஏழு போட்டோக்கள் கோப்பில் சேர்க்கப்பட்டன.

மத்தியானம் பட்டியல். 38, 39, 40.

தாள் 41. கிழக்குச் சுவர். தந்தை, தாய். பிள்ளைகள்: ஐந்து.